தரையின் மேலுறை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையின் தரை. இன்னும் நுணுக்கமாகச் சொல்வதாயின், எப்பொக்சி பூசிய தரையின்மேல் இறுதியாக இடப்படும் தெளிபூச்சு. கலைப் பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கு இதனோடு என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு இருவகையில் உண்டு. பாடசாலையின் தொழினுட்பக் கூடத்துத் தரைக்கு ஒரு சதம் செலவிட்டாலும் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் அதிபரே. விலைமனுக்களை வாசிப்பதும், அவற்றில் எழுதப்பட்டிருப்பதன் பொருளை விளங்கிக்கொள்வதும் அவர் கடமை. இஃது ஒன்று. மற்றையது, பூச்சுத் தகரத்தையும் உருளைத் தூரிகையையும் கையில் ஏந்தி வருகின்ற இளைஞர்கள் நம்முடைய பழைய மாணவர்கள். சாதாரண தரப் பரீட்சையோடு பாடசாலையை விட்டுச் சென்று, கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் இத்தொழிலைக் கற்றவர்கள். ஆகையால் இப்பொருளில் நமது பணமும் உண்டு. நம் பிள்ளைகளின் உடல்நலமும் உண்டு.

மெழுகுதல் நம்மவர்க்குப் புதிய கலையன்று. மண்ணால் தரை இட்டு, அதன்மேற் சாணம் கரைத்து மெழுகிய காலத்திலேயே, தரை வேறு, தரையின் மேலுறை வேறு என்பதை நம் பாட்டிமார் நன்கறிந்திருந்தனர். பாரத்தைத் தாங்குவது மண். தேய்வைத் தாங்குவது மெழுக்கு. மெழுக்குத் தேய்ந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் மெழுகினார்கள், மண்ணைக் கிண்டவில்லை. பின்னர்ச் சிவப்புச் சீமெந்துத் தரை வந்தது. அதற்கு மெழுகுப் பொலிஷ் இட்டு, பாதியாய் வெட்டிய தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கினார்கள். அங்கும் தேய்ந்தது மெழுகு, பிழைத்தது சீமெந்து. இன்று நாம் பேசும் தெளிபூச்சும் இம்மரபிலே வந்ததுதான். தான் தேய்ந்து, தன் கீழுள்ளதைக் காப்பது அதன் தொழில். இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், எஞ்சியவை யாவும் எளிதில் விளங்கும்.

முதலில் எப்பொக்சி என்பது யாதெனப் பார்ப்போம். இரண்டு திரவங்கள் ஒன்றுசேர்ந்து திண்மமாகும் பொருள் இது. ஒன்று பிசின், மற்றையது அதனை இறுகச் செய்யும் இறுகுபொருள். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் கஸ்ரான் என்னும் இரசாயனவியலாளர், செயற்கைப் பற்களைத் தாங்கும் தட்டுக்குரிய பொருளைத் தேடிய ஆராய்ச்சியில், 1930களின் பிற்பகுதியில் இதனைக் கண்டார். பற்களுக்கென ஆராயப்பட்டது, பின்னர் ‘அரால்டைற்’ என்ற பெயரோடு ஒட்டுபொருளாகி உலகெங்கும் பரவியது. கொங்கிறீற்றோடு இறுகப் பற்றும் ஆற்றல், எண்ணெய்க்கும் பற்றரி அமிலத்துக்கும் ஈடுகொடுக்கும் தன்மை, பார வண்டியைத் தாங்கும் வலிமை ஆகிய மூன்றும் எப்பொக்சிக்கு உண்டு. அதனாலேயே வாகனத் திருத்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் இத்தரை இடப்படுகின்றது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், இருக்கின்ற வண்டியைப் பேணுவதும் அதன் இருப்பிடத்தைப் பேணுவதும் பலருக்கு ஒரு பழக்கமாயின.

இத்துணைச் சிறப்புடைய எப்பொக்சிக்கு மேலுறை எதற்கு? அதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, வெயிலைத் தாங்காமை. எப்பொக்சி மூலக்கூறிலுள்ள பென்சீன் வளையங்கள் ஞாயிற்றின் கழியூதாக் கதிர்களை உறிஞ்சிச் சிதைவடைகின்றன. வெண்ணிறத் தரை மஞ்சளாகும். சாம்பல்நிறத் தரை பழுப்பேறும். நாளடைவில் மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள்போல் உதிரும். கொட்டகையின் வாயிலருகே வெயில் விழும் பகுதி ஒரு நிறமாகவும், உட்பகுதி வேறு நிறமாகவும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. இரண்டாவது குறை, கீறல். எப்பொக்சி கடினமானது, ஆனால் ரயரோடு வந்த மணல் அதன் பளபளப்பை விரைவிற் கெடுத்துவிடும். கடினம் வேறு, உரைசலைத் தாங்கும் வன்மை வேறு. இறப்பர்ச் செருப்பு மரப்பலகையினும் மென்மையானது. ஆயினும் உரைசலை எவ்வளவு காலம் தாங்குகின்றது! மேலுறைக்கு வேண்டியது இத்தகைய வன்மை.

இனி, மேலுறையாக விற்கப்படுகின்ற நால்வகைப் பூச்சுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, அக்கிரிலிக் தெளிபூச்சு. ஒரே தகரத்தில் வருவது, விலை குறைந்தது, எவரும் பூசலாம், வெயிலில் நிறம் மாறுவதும் குறைவு. ஆனால் இது பெரும்பாலும் கரைப்பானோ நீரோ ஆவியாகிப் போவதனால் உலர்வது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைவதில்லை. ஆகையால் வெப்பத்தில் இளகும்; பெற்றோல் சிந்தினால் கரையும். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியின் ரயர் சூடாயிருக்கும். அது நின்று குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது தன்னோடு ஒட்டிய பூச்சையும் இழுக்கும். ரயர் இறப்பரிலுள்ள இளக்குபொருள்களும் பூச்சினுட் புகுந்து அதனை மென்மையாக்கும். இவ்விரண்டினாலும் சக்கரம் நின்ற நான்கு இடங்களிலும் பூச்சு உரிந்துவிடுவதுண்டு. எனவே நடைபாதைக் கற்களுக்கு அக்கிரிலிக் பொருந்தும். வண்டி நிற்கும் தரைக்குப் பொருந்தாது.

இரண்டாவது, தெளிந்த எப்பொக்சி. வண்ணச் சில்லுகள் தூவிய தரையில் அச்சில்லுகளை மூடித் தடித்த படையாக இட இது உதவும். பற்றும் தன்மை மிக்கது. ஆனால் முன்கூறிய இரண்டு குறைகளும் இதற்கும் உண்டு. கழியூதாக் கதிரைத் தாங்குமெனத் தகரத்தில் எழுதியிருந்தாலும், மஞ்சளாவது சற்றுத் தாமதிக்குமேயன்றி நில்லாது. ஆகவே இதனை இடைப்படையாகக் கொள்ளலாம். வெயில் படும் இடத்தில் இறுதிப் படையாகக் கொள்ளுதல் தகாது.

மூன்றாவது, பொலியூரதேன். செருமனியிலே ஓட்டோ பாயர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1937ஆம் ஆண்டில் கண்ட இரசாயனத் தாக்கத்தின் வழித்தோன்றல் இது. இதில் அரோமற்றிக் என்றும் அலிபாற்றிக் என்றும் இரண்டு கிளைகள் உள. அரோமற்றிக் வகையிற் பென்சீன் வளையம் உண்டு. ஆகவே அதுவும் வெயிலில் மஞ்சளாகும். அலிபாற்றிக் வகையில் அவ்வளையம் இல்லை. ஆகவே நிறம் பெரிதும் நிலைக்கும். கடையிலே ‘பொலியூரதேன்’ என்று மட்டும் கேட்டு வாங்குவது, ‘அரிசி’ என்று மட்டும் கேட்டு வாங்குவதை ஒக்கும். அலிபாற்றிக், இரண்டு பகுதி கொண்டது என்னும் இரு சொற்களையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். உரைசலையும் சூடான ரயரையும் எண்ணெய்க் கறையையும் தாங்குவதில் இது சிறந்தது. இதனை மெல்லிய படையாகவே இட வேண்டும். தடிப்பாக ஊற்றினால், காற்றின் ஈரத்தோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயு உண்டாகிக் குமிழிகளாகத் தங்கிவிடும். உலர்வதும் மெதுவாகவே. மறுநாள் நடக்கலாம், வண்டியை ஏற்றச் சில நாள் பொறுக்க வேண்டும், முற்றாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும்.

நான்காவது, பொலி அஸ்பாட்டிக். 1990களில் பூச்சுத் தொழிலுக்கு வந்த இளையவர் இவர். அலிபாற்றிக் பொலியூரதேனின் நெருங்கிய உறவினர். வெயிலைத் தாங்குவதில் அதற்கு ஈடானவர். ஒரே தடவையிற் சற்றுத் தடித்த படையாக இடலாம். சில மணி நேரத்தில் நடக்கலாம். பொதுவாக மறுநாளே வண்டியை ஏற்றலாம். ஆனால் இவ்விரைவே இதன் இடர்ப்பாடும் ஆகும். குளிர்நாட்டுக்கென எழுதப்பட்ட அறிவுறுத்தலில் அரைமணி நேரம் கையாளலாம் என்றிருந்தால், நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதனும் அந்நேரத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடலாம். தரையின் நடுப்பகுதியை எட்டுமுன் தகரத்திலுள்ளது கெட்டியாகிவிடும். உருளையின் தடங்கள் என்றென்றைக்கும் நிலைத்துவிடும். பழகிய கை, போதிய ஆள், மெதுவாக இறுகும் வகையைத் தெரிந்தெடுத்தல் ஆகிய மூன்றும் இல்லாவிடத்து இதனை நாடாதிருத்தல் நன்று.

நேயர்களே, இந்நான்கிலும் எது சிறந்தது என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் விற்பனையாளராகவே இருப்பர். நாம் கேட்க வேண்டியது, நம் தரைக்கு எது பொருந்தும் என்பது. அதற்கு ஐந்து வினாக்கள் போதும். வெயில் விழுமா? சூடான ரயர் நிற்குமா? மழைநீர் வருமா? எத்தனை நாள் பொறுக்க முடியும்? பூசுபவர் யார்? வண்டியை ஒரு வாரம் வெளியே நிறுத்த இடமுள்ள சாதாரண வீட்டுக்கு, அலிபாற்றிக் பொலியூரதேனை இரண்டு மெல்லிய படைகளாக இடுவது தக்கது. ஒரு நாளும் மூட இயலாத வாகனத் திருத்தகத்துக்குத் தேர்ந்த தொழிலாளரைக் கொண்டு பொலி அஸ்பாட்டிக் இடலாம். காற்றோட்டம் குறைந்த, வீட்டோடு ஒட்டிய கொட்டகையாயின், நீரை ஊடகமாகக் கொண்ட இருபகுதிப் பொலியூரதேன் நன்று. அதிற் கரைப்பானின் நெடியும் தீப்பற்றும் அபாயமும் குறைவு.

இன்னுமொரு நுட்பம். தெளிபூச்சு தெளிவானது, ஆகையால் ஒளி அதனூடே செல்லும். மேலுறை மஞ்சளாகாதிருந்தாலும், அதனூடு சென்ற கழியூதாக் கதிர் கீழுள்ள எப்பொக்சியைச் சிதைக்கலாம். சிதைந்த பரப்பின்மேல் எந்த உறையும் நிலையாது. ஆதலால், கழியூதாக் கதிரை உறிஞ்சும் சேர்மானம் அம்மேலுறையில் உண்டா எனக் கேட்டறிதல் அவசியம். வாயிலோரத்தில் ஒரு கூரைச் சாய்ப்பு இறக்கி நிழல் செய்வதும் அதே அளவுக்குப் பயன் தரும்.

அடுத்து, பளபளப்பு. கண்ணாடி போன்ற தரையை விரும்பாதவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு கீறலும் அதில் முதலில் தெரியும். மங்கலான அல்லது அரைப் பளபளப்புள்ள பூச்சிலே கீறல் அவ்வளவு தெரியாது. மாரியில் நனைந்த ரயர் நீரைக் கொண்டுவரும். வழுவழுப்பான தரையில் முதியவர் ஒருவர் சறுக்கி விழுந்தால், இடுப்பெலும்பு முறிவுக்கு எந்தப் பளபளப்பும் ஈடாகாது. ஆகவே இறுதிப் படையிலே நுண்ணிய அலுமினியம் ஒட்சைட்டுத் துகளைக் கலந்து வழுக்காமற் செய்தல் நன்று. அத்துகள் உரைசலையும் தாங்கும். ஆனால் நாம் வீட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள்; விசேட நாள்களில் அதே கொட்டகையிற் பாய் விரித்துப் பந்தி வைப்பவர்கள். பருமணி போன்ற துகள் பாதத்தை உறுத்தும், அழுக்கையும் பிடித்துவைக்கும். மிக நுண்ணியதையே கேட்டு வாங்குக.

இனிக் கணக்குக்கு வருவோம். விலைமனுவிலே தகரத்தின் விலையைப் பார்க்கின்றோம். அதனுள் இருப்பதில் எவ்வளவு தரையில் எஞ்சும் என்பதைப் பார்ப்பதில்லை. தகரத்திலோ அதற்குரிய தொழினுட்பத் தாளிலோ, கனவளவிலே திண்மப் பொருள் எத்தனை வீதம் என்று குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சியது ஆவியாகிப் போவது. ஒரு லீற்றர்ப் பூச்சைப் பத்துச் சதுர மீற்றரிற் பரப்பினால், ஈரப்படையின் தடிப்பு 100 மைக்கிரோமீற்றர் ஆகும். திண்மம் 60 வீதமாயின், உலர்ந்தபின் எஞ்சுவது 60 மைக்கிரோமீற்றர். 30 வீதமாயின், 30 மைக்கிரோமீற்றரே. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். நாம் பேசுவது எத்துணை மெல்லிய உறை என்பது புலப்படும்.

இருபது அடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட கொட்டகையின் பரப்பு 200 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 18.6 சதுர மீற்றர். 60 வீதத் திண்மமுள்ள பூச்சை முன்சொன்ன அளவில் இரண்டு படை இட, சேதம் நீங்கலாக 3.7 லீற்றர் வேண்டும். 30 வீதத் திண்மமுள்ளதைக்கொண்டு அதே தடிப்பைப் பெற, நான்கு படையும் 7.4 லீற்றரும் வேண்டும். ஆகவே இரண்டாவது தகரம் முதலாவதன் பாதி விலைக்கு வந்தாலும் ஆதாயம் இல்லை, கூலி இரட்டிப்பாகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய இக்கணக்கைப் பெரியவர்கள் செய்யாமையினாலேயே மலிவென்று வாங்கியது மாதக்கணக்கிலே தேய்ந்துபோகின்றது. உரைசலைத் தாங்கும் ஆற்றலை ஒப்பிட ‘ரேபர்’ என்னும் சோதனையும் உண்டு. ஆயிரம் கிராம் சுமையோடு உரைசற் சக்கரங்களை ஆயிரம் சுற்றுச் சுழற்றி, பூச்சு எத்தனை மில்லிகிராம் இழந்ததென நிறுப்பர். எண் சிறிதாயின் பூச்சு வலிது. ஆனால் சக்கரத்தின் வகையும் சுமையும் சுற்றின் தொகையும் ஒன்றாயிருந்தாலன்றி, இரு எண்களை ஒப்பிடுவதிற் பயனில்லை.

எழுத்தை நம்பாதார்க்கு எளிய சோதனை ஒன்று கூறுகின்றேன். ஒப்பந்தகாரரிடம், தாம் பூசப்போகும் அதே எப்பொக்சியையும் அதே தெளிபூச்சையும் ஒரு சீமெந்துப் பலகையிற் பூசித் தருமாறு கேளுங்கள். அது ஒரு வாரம் இறுகட்டும். பின்னர்ப் பாதியை மூடி ஒரு மாதம் வெயிலில் வையுங்கள். மூடாத பாதியில் மஞ்சள் கரைத்த நீர், தேநீர், வெற்றிலைச் சாறு, பெற்றோல், பிரேக் எண்ணெய் ஆகியவற்றை ஒவ்வொரு துளி இட்டு, சிறிது நேரங் கழித்துத் துடைத்துப் பாருங்கள். திறப்பினாற் கீறியும் பாருங்கள். இச்சோதனைக்கு இணங்காதவரிடம் தரையை ஒப்படைக்க வேண்டிய அவசியம் இல்லை.

எத்துணைச் சிறந்த மேலுறையும் அடித்தளம் பிழைத்தால் நிலைக்காது. கொங்கிறீற் இட்டு 28 நாள்கள் கழியுமுன் எப்பொக்சி பூசுதல் தவறு. பழைய தரையாயின், நிலத்தடி ஈரம் மேலெழுந்து வருகின்றதா எனப் பார்க்க வேண்டும். ஒன்றரையடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் நீர் துளிர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, ஈரம் உண்டு. அத்தரையிற் பூசியது கொப்புளமாகிக் கழன்றுவிடும். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை பொழியும் காலத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருத்தல் அறிவுடைமை. மாசியும் பங்குனியும் தக்க காலம்.

எப்பொக்சிக்கும் மேலுறைக்கும் இடையேயுள்ள பற்றும் கவனத்துக்குரியது. எப்பொக்சி முற்றாக இறுகுமுன், தகரத்திற் குறித்த கால எல்லைக்குள் மேலுறையை இட்டால் இரண்டும் இரசாயன முறையிலே பிணையும். அக்காலம் பொதுவாக ஒரு நாள் அளவானது. கடந்துவிட்டால், மேற்பரப்பை உரைதாளால் மங்கலாகும்வரை தேய்த்து, தூசியை முற்றாக அகற்றிய பின்னரே மேலுறை இட வேண்டும். ஈரக் காற்றில் இறுகிய எப்பொக்சியின்மேல் எண்ணெய்ப் படலம்போல் ஒரு பசை தோன்றுவதுண்டு. அதனைத் தேய்க்குமுன் இளஞ்சூட்டு நீரால் கழுவி உலரவிட வேண்டும். கழுவாமற் தேய்த்தால் அப்பசை எங்கும் பரவி, மேலுறை ஒட்டாது. தரையின் வெப்பநிலை பனிபடுநிலையைக் காட்டிலும் 3 பாகை செல்சியசாவது கூடுதலாக இருக்க வேண்டுமென்பது தொழிலாளர் அறிந்த விதி. மாலை மயங்கிய பின் பூசலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

நேயர்களே, இதுவரை தரையைப் பற்றிப் பேசினேன். இனித் தரையின்மேல் முழந்தாளிட்டு வேலை செய்பவனைப் பற்றிப் பேச வேண்டும். இவ்வுரையில் நான் முதன்மையாகக் கருதுவது இதனையே.

பொலியூரதேனும் பொலி அஸ்பாட்டிக்கும் இறுகுவதற்கு ஐசோசயனேற்று என்னும் பொருள் வேண்டும். நீரை ஊடகமாகக் கொண்ட இருபகுதிப் பூச்சிலும் அது உண்டு. 1984ஆம் ஆண்டு டிசெம்பரிற் போபால் நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட வாயு இக்குடும்பப் பெயரைத் தாங்கியது. தரைப்பூச்சிலுள்ளது அதுவன்று, அதுபோல் எளிதில் ஆவியாவதும் அன்று. ஆகவே வீண் அச்சம் வேண்டியதில்லை. ஆயினும் இதற்கெனத் தனியான ஒரு தீமை உண்டு. இதனை மூச்சோடு உள்ளிழுப்பவருள்ளும், தோலிற் படவிடுபவருள்ளும் சிலர்க்கு உடல் ஒவ்வாமை கொண்டுவிடும். அவ்வாறு ஒவ்வாமை ஏற்பட்டபின், மிகச் சிறிதளவே கிட்டினும் தொய்வு நோய் தூண்டப்படும். பத்து ஆண்டு பழகிய தொழிலை அன்றே விட வேண்டி வரும். நெடி வருவதற்கு முன்னரே தீங்கான அளவு காற்றிற் கலந்திருக்கக்கூடும். ஆகையால் ‘மணக்கவில்லை, எனவே பயமில்லை’ என்பது பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ற் 24ஆம் தேதி முதல், இருஐசோசயனேற்று 0.1 வீதத்துக்கு மேல் அடங்கிய பொருள்களைத் தொழில்முறையிற் கையாள்வோர் அதற்குரிய பயிற்சி பெற்றிருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அந்நாட்டுத் தொழிலாளியின் நுரையீரலுக்கும் நம்மூர்ப் பையனின் நுரையீரலுக்கும் வேறுபாடு உண்டோ?

தூசி தடுக்கும் துணிக் கவசமோ, மூக்கைச் சுற்றிக் கட்டிய சால்வையோ இதற்குப் போதாது. சேதன ஆவியை உறிஞ்சும் வடிகலம் பொருத்திய, முகத்தோடு இறுகப் பொருந்தும் சுவாசக் கவசம் வேண்டும். நைத்திரைல் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். தெளிகருவியால் விசிறாமல் உருளையாற் பூச வேண்டும். விசிறினால் நுண்டுளிகள் காற்றிற் பரவி அபாயம் பன்மடங்காகும். இரு பக்கமும் கதவு திறந்திருத்தல் வேண்டும். கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது. ஆகவே அருகில் அடுப்போ, சுருட்டோ, பொறி பறக்கும் மின்கருவியோ இருத்தலாகாது. வேலை நடக்கும் நாளிலும் மறுநாளிலும் சிறுவரையும் தொய்வு நோயுடையோரையும் அவ்விடத்துக்கு அணுகவிடக் கூடாது. கலந்து மீந்த பூச்சை மூடியிட்டு இறுக்கி வைக்காதீர்கள். வாயு உண்டாகித் தகரம் வெடிக்கும். கானில் ஊற்றாதீர்கள், திறந்தபடி நிழலில் இறுகவிட்டு அகற்றுங்கள்.

தொழில் கற்றுத் திரும்பிய பழைய மாணவன் ஒருவனிடம் ஒருமுறை, ‘தம்பி, கவசம் எங்கே?’ என்று வினவினேன். ‘சேர், அதுக்கு விலைமனுவிலை இடமில்லை’ என்றான். அவன் சொன்னது உண்மை. சதுர அடிக்கு எவர் குறைவாகக் கேட்கின்றாரோ அவருக்கே வேலை என்றால், முதலில் வெட்டப்படுவது கவசத்தின் செலவே. அதன்பின் எங்கள் பாடசாலை வேலைகளுக்கான விலைமனுப் படிவத்திற் பாதுகாப்புக் கருவிக்கென ஒரு தனி வரி சேர்த்தோம். அவ்வரியை வெறுமையாக விட்டவரின் விலைமனு ஏற்கப்படுவதில்லை. நீங்களும் உங்கள் வீட்டு வேலைக்கு அவ்வாறே கேட்கலாம். மேலதிகமாகும் பணம் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கே. வடிகலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு அதனை அணியச் சொல்லுகின்ற உரிமையையும் நீங்கள் பெறுகின்றீர்கள்.

இறுதியாக, பேணுதல். தேய்வதற்கென்றே இடப்பட்ட உறை தேய்வதிற் குறையொன்றுமில்லை. அது முற்றாகத் தேயுமுன் புதுப்பிக்க வேண்டியதே நம் பங்கு. மணலை நாள்தோறும் மெல்லிய தும்புத்தடியால் ஒதுக்குங்கள். கடுமையான அமிலக் கழுவு நீரைத் தவிருங்கள். எண்ணெயும் பிரேக் எண்ணெயும் சிந்தினால் உடனே துடையுங்கள். பாரந்தூக்கியின் கீழே ஒரு பலகைத் துண்டை வையுங்கள். வண்டிச் சக்கரம் திரும்பும் இடத்தில் மங்கல் தோன்றினால், எப்பொக்சி வெளித்தெரியும்வரை காத்திராது, மேற்பரப்பை இலேசாகத் தேய்த்து ஒரு படை புதிதாக இடுங்கள். ஒரு நாள் வேலையோடு அது முடியும். காலம் தாழ்த்தினால் எப்பொக்சியையும் சுரண்ட வேண்டி வரும். அப்போது செலவு முழுத்தரைக்குமாகும். வெள்ளிக்கிழமைதோறும் மெழுகிய நம் முன்னோர் கைக்கொண்டதும் இந்தச் சிக்கனமே.

ஆகவே நேயர்களே, கடைக்குச் செல்லுமுன் ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள். அலிபாற்றிக் என்னும் சொல்லையும் திண்ம வீதத்தையும் தகரத்திலே தேடுங்கள். பொலித்தீன் தாளை ஓரிரவு தரையில் ஒட்டிப் பாருங்கள். வேலைக்கு வரும் பிள்ளைக்குக் கவசம் உண்டா எனப் பாருங்கள். இல்லையாயின் அது வரும்வரை தகரத்தைத் திறக்கவிடாதீர்கள்.